மாமனாரின் ஷூ பெட்டியும் இரண்டு மில்லர்களும்

ஒருவழியாக முடிந்தது. 14 மாதம், பெரும்பாலும் சனிக்கிழமைகள். கேள்வி இரண்டுதான்: என் மனைவியின் அப்பா வழி முன்னோர் ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவுக்கு எப்போது வந்தார், அமெரிக்கச் சுதந்திரப் போரில் என்ன செய்தார். இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் வீட்டில் எதிர்பார்த்த பதில் இல்லை. நடுவில் நான் சுற்றிய தப்பு வழிகள் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நாலைந்து சனிக்கிழமையாவது மிச்சமாகட்டும்.

ஆரம்பம் மாமனார் கொடுத்த ஒரு ஷூ பெட்டி. உள்ளே பறவையும் துலிப் பூவும் வரைந்த ஒரு ஞானஸ்நானச் சான்று (இங்கே இந்த வகை ஓவியத் தாளை ஃப்ராக்டூர் என்கிறார்கள்), 1930களில் மாமனாரின் அத்தை ஒரு வம்சாவளிச் சங்கத்தில் சேர எழுதிய விண்ணப்பத்தின் கார்பன் நகல், அப்புறம் கோடு போட்ட நோட்டுத்தாளில் பென்சிலால் "ஹெஸ்ஸியன். டிரென்டனில் ஓடிவந்தவர்" என்று ஒரு வரி. ஹெஸ்ஸியன் என்றால் பிரிட்டன் பக்கம் நின்ற ஜெர்மன் கூலிப்படை வீரன், டிரென்டன் என்பது 1776 டிசம்பரில் வாஷிங்டன் அவர்களைத் தாக்கிய ஊர். விண்ணப்பத்தைப் படித்தால் இதே ஆள் டிரென்டனில் வாஷிங்டன் பக்கம் நின்று சண்டை போட்டவர். ஒரே மனிதர், ஒரே காலை, இரண்டு பக்கமும். மாமனாரிடம் காட்டினேன். ஓய்வுபெற்ற தச்சர், 81 வயது, எதற்கும் அசராதவர். "ரெண்டுல ஒண்ணாவது நிஜமா இருக்கும், பாரு" என்றார்.

குடும்பப் பெயர் மில்லர். மனிதரின் முழுப் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. மாவு அரைப்பவன் என்று பொருள் தரும் ம்யூலர் என்ற ஜெர்மன் பெயர்தான் இங்கே வந்து மில்லர் ஆனது. ஊருக்கு ஒரு மாவு மில் இருந்த நாட்டில் ஊருக்கு ஒரு ம்யூலர் குடும்பமும் இருந்திருக்கும் அல்லவா. போதாததற்கு முதல் பெயர்க் குழப்பம் வேறு. ஒரு வீட்டில் நாலு பையன்கள் என்றால் நாலு பேருக்கும் முன்னால் யோஹான் என்று வைத்துவிட்டு, கூப்பிடுவது என்னவோ இரண்டாவது பெயரை. குலதெய்வத்தின் பெயரை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஒட்டி முத்துக்குமார், முத்துவேல், முத்துராமன் என்று வைப்போமே, அதே கதை. எழுத்தர் சில சமயம் முன்பாதியை மட்டும் எழுதுவார், சில சமயம் பின்பாதியை மட்டும்.

முதல் தப்பு வழி, பென்சில் வரியை நம்பியது. பிரிட்டன் இந்தப் போருக்காகக் கூலிக்கு எடுத்த ஜெர்மன் படையினர் ஏறக்குறைய 30,000 பேர். பாதிக்கு மேல் ஹெஸ்ஸே-காஸல் நாட்டவர்கள் என்பதால் எல்லோருக்குமே ஹெஸ்ஸியன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள், ஆகவே கதை நடக்காத கதை ஒன்றும் இல்லை. மார்பர்க் ஆவணக்காப்பகம் அந்த வீரர்களின் பட்டியலைப் படைப்பிரிவு வாரியாகத் தொகுத்திருக்கிறது, ஹெட்ரினா என்று பெயர், இணையத்தில் இலவசம். டிரென்டனில் இருந்தவை ரால், லாஸ்பெர்க், நிப்ஹவுசன் ஆகிய மூன்று ரெஜிமென்ட்கள். மூன்றிலும் உள்ள ம்யூலர்களையெல்லாம் எக்ஸெல்லில் ஏற்றி, ஓடிப்போனவர், பிடிபட்டவர், செத்தவர் என்று நிறம் பிரித்து, மூன்று வாரம். யாரும் பொருந்தவில்லை. பிறகுதான் ஷூ பெட்டியில் இருந்த ஞானஸ்நானச் சான்றை ஒழுங்காகப் படித்தேன். அது அவர் மகனுடையது, பிறந்த ஆண்டு 1758, இடம் லான்காஸ்டர் கவுண்டி. 1776ல் கப்பலில் வந்து இறங்கிய படைவீரனுக்கு 1758ல் இங்கே எப்படி மகன் பிறப்பான்? கையில் இருந்த தாளை முதலில் படித்திருந்தால் அந்த மூன்று வாரமும் எக்ஸெல்லும் தேவைப்பட்டிருக்காது.

சரி, படைவீரன் இல்லை, குடியேறியவர். அப்படியானால் கப்பல் பட்டியல். இந்த விஷயத்தில் பென்சில்வேனியா ஜெர்மானியர்களின் வாரிசுகள் கொடுத்து வைத்தவர்கள். ஜெர்மானியர் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்த்துக் கவலைப்பட்ட மாகாண அரசு, 1727 முதல் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் பிலடெல்பியாவில் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. சந்தேகப்பட்டுப் போட்ட சட்டம், 300 வருடம் கழித்து நமக்குப் பொக்கிஷம். ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று பட்டியல்வரை உண்டு: கப்பல் தலைவன் கொடுத்த பெயர்கள், விசுவாச உறுதிமொழி, அப்புறம் பிரிட்டிஷ் அரியணைக்கு வேறு யாருக்கும் உரிமை இல்லை என்ற மறுப்பு உறுதிமொழி. 1934ல் பென்சில்வேனியா ஜெர்மன் சொசைட்டி இதை மூன்று தொகுதிகளாகப் போட்டது, இரண்டாம் தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் நகல். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்தர் பெயர் எழுதி, நடுவில் ஒரு குறி போட்டு வைத்திருப்பார்.

எங்கள் ஆளின் பெயருக்குப் பொருந்தியவர்கள், 1758க்கு முன்னால் வந்தவர்கள் மட்டும் ஆறு பேர். எல்லோருக்கும் ஒரே தடம்: ரைன் நதி வழியாக ராட்டர்டாம், அங்கிருந்து இங்கிலாந்தின் கவ்ஸ் துறைமுகம், அப்புறம் அட்லாண்டிக். 1750ல் வந்த மிட்டல்பெர்கர் என்பவர் பயணக் கட்டணம் 10 பவுண்டு என்று எழுதி வைத்திருக்கிறார். கையில் காசில்லாதவர்கள் இறங்கியதும் வருடக் கணக்கில் வேலை செய்து கடனைக் கழிக்க வேண்டும். ஆறு பேரில் நம்மவர் யார் என்பதைக் கப்பல் பட்டியல் மட்டும் சொல்லாது, அது ஒரு நாள் போட்ட ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அதை அப்படியே வைத்துவிட்டு இந்தப் பக்கத்து வாழ்க்கைக்கு வந்தேன்.

அடுத்த தப்பு. குடும்பத்தின் பழைய நிலம் இன்றைய லெபனான் கவுண்டியில் இருக்கிறது, ஆகவே லெபனான் கவுண்டி ஆவணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கும், அந்தக் கவுண்டி பிறந்ததே 1813ல். அதற்கு முன்னால் 1785 முதல் அந்த இடம் டாஃபின் கவுண்டி, அதற்கும் முன்னால் லான்காஸ்டர். மனிதர் ஓரடி நகராமல் அதே வயலில் உழுதுகொண்டிருக்க, அவருடைய வரி ஒரு அலுவலகத்திலும் உயில் இன்னொரு அலுவலகத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தில் படித்து, இப்போது மயிலாடுதுறை மாவட்டத்துக்காரனாக இருக்கிற எனக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து கல்லறை. மணற்கல், எழுத்து பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. இதற்குச் சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, ஷேவிங் கிரீம் பூசுவது என்றெல்லாம் சொல்வார்கள், செய்யாதீர்கள், கல் கெட்டுவிடும். வீட்டு வாசலில் சும்மா கிடந்த ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய், மாமனார் அதைச் சாய்த்துப் பிடிக்க, சூரிய ஒளியைக் கல்லின் ஒரு ஓரத்திலிருந்து படுக்கைவாட்டில் அடித்தோம். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, அதுவரை வெறும் கல்லாக இருந்தது படிக்கக் கிடைத்தது. 1802 மார்ச் 3ல் மரணம், வாழ்ந்தது 71 வருடம் 4 மாதம் 12 நாள். ஜெர்மானியர் கல்லறைகளில் பிறந்த தேதிக்குப் பதில் இப்படி வயதை நாள் வரை எழுதும் வழக்கம் உண்டு. பின்னோக்கிக் கழித்தால் 1730 அக்டோபர் 22. நான் அதிபுத்திசாலித்தனமாக அதில் 11 நாளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், ஏனென்றால் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் 1752 செப்டம்பரில்தான் பழைய நாட்காட்டியை விட்டு 11 நாள் தாண்டிக் குதித்தன. ஆனால் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700லேயே மாறிவிட்டன. பிறந்தது அங்கே, இறந்தது 1752க்கு அப்புறம் இங்கே, இரண்டு தேதியும் ஒரே நாட்காட்டி. கூட்ட வேண்டியதே இல்லை.

தேதி கிடைத்ததும் ஜெர்மன் சர்ச் பதிவேடுகளுக்குப் போனேன். புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் ஆர்கியோன் என்ற தளத்தில் படமாக இருக்கின்றன, ஒரு மாதச் சந்தா 20 யூரோ அளவில். எந்த ஊரில் தேடுவது? இங்கே மில்லர் வீட்டுப் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களில் சாட்சியாக நின்ற தம்பதிகளின் பெயர்கள்தான் வழிகாட்டின. ஞானப் பெற்றோராக முன்பின் தெரியாதவர்களை யாரும் நிறுத்துவதில்லை, சொந்தம் அல்லது சொந்த ஊர். அந்தத் தம்பதிகளில் இரண்டு பேரின் பூர்வீகம் கிரைச்காவ் பகுதி, ஹைடல்பர்க்குக்குத் தென்கிழக்கே, என்று ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐந்து கிராமங்களை எடுத்துக்கொண்டேன்.

பழைய ஜெர்மன் கையெழுத்தான குர்ரென்ட் பற்றி ஒரு வார்த்தை. e என்ற எழுத்து n மாதிரி இருக்கும், u-வையும் n-ஐயும் பிரிக்க u தலையில் ஒரு கொக்கி மட்டும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படிப்பது மாதிரிதான், முதலில் இது என்ன சொல்லாக இருக்க முடியும் என்று யோசித்துவிட்டு அப்புறம் எழுத்தைப் பார்க்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் ஒரே பாதிரியாரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், மூன்றாவது வாரத்தில் பிடிபட்டது. பெண்களின் குடும்பப் பெயருக்குப் பின்னால் ஒரு 'இன்' சேர்த்து 'ம்யூலரின்' என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அது 'ம்யூலருடைய' என்று காதில் விழும், சிரித்துக்கொண்டே நாலைந்து பக்கம் புரட்டினேன்.

இரண்டாவது கிராமத்திலேயே பதிவு இருந்தது. இருந்தும் அதைத் தள்ளிவிட்டேன். பெயர் சரி, அப்பா பெயர் சரி, 1730 சரி, நாள் 22 சரி, ஆனால் மாதம் '8பெர்' என்று எழுதியிருந்தது. எட்டாம் மாதம், ஆகஸ்ட், பொருந்தவில்லை என்று குறித்துவிட்டு மீதி மூன்று கிராமங்களையும் பார்த்து முடித்தேன், அதற்குள் சந்தாவும் முடிந்தது. ஒன்றரை மாதம் கழித்து, வேறு எதையோ படிக்கும்போதுதான் தெரிந்தது: 7பெர் என்றால் செப்டம்பர், 8பெர் என்றால் அக்டோபர், 9பெர் நவம்பர். 'அக்டோ' என்றால் லத்தீனில் எட்டு, அந்த எட்டை எண்ணாக எழுதிவிடுவார்கள். இன்னொரு 20 யூரோ கட்டி அந்தப் பக்கத்தைப் பதிவிறக்கினேன். பதிவுக்கு ஓரத்தில் பிற்காலத்துக் கையெழுத்தில் அமெரிக்கா போனதாக ஒரு குறிப்பும் இருந்தது. அது முதலிலும் அங்கேதான் இருந்திருக்கிறது, நான் மாதத்தைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

இந்த சர்ச் பதிவேட்டு வேலையில் ஒரு சின்ன சுற்று. பென்சில்வேனியா லூதரன்களுக்குப் போதகர்களை அனுப்பிய முக்கியமான இடம் ஜெர்மனியின் ஹாலே நகரம். ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் 1742ல் அங்கிருந்துதான் வந்தார், அவர் மகன் பீட்டர் பின்னாளில் வாஷிங்டன் படையில் பிரிகேடியர் ஜெனரல். 1706ல் டென்மார்க் மன்னர் தரங்கம்பாடிக்கு அனுப்பிய சீகன்பால்கும் அதே ஹாலேயில் படித்தவர்தான். தமிழ் அகராதி போட்ட ஃபாப்ரிசியஸும் அந்த வழிதான், 1740ல் வந்து இறங்கினார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நான் அச்சுக்கூடக் கதை கேட்டுக் கொட்டாவி விட்ட அந்தக் கடற்கரைக்கும், என் மாமனாரின் பாட்டன்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது ஒரே அலுவலகம். அங்கே இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியாக் கடிதங்களும் இருக்கின்றன. வேலைக்கு இது ஒன்றும் உதவவில்லை, ஆனால் அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இனி போர். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான், ஏனென்றால் பிரச்சினை ஆவணம் இல்லாதது இல்லை, ஒரே பெயரில் இரண்டு ஆள் இருந்தது. ஒரு மில்லர் ஜெர்மன் பட்டாலியனில் இருக்கிறார். காங்கிரஸ் 1776 மே மாதம் பென்சில்வேனியா, மேரிலாந்து ஜெர்மானியர்களை வைத்து அமைத்த படை அது, டிரென்டன் சண்டையில் இருந்தது. இன்னொரு மில்லர் லான்காஸ்டர் கவுண்டி உள்ளூர்ப் படையான மிலிஷியாவின் பட்டியல்களில் வருகிறார். அத்தையின் விண்ணப்பம் இரண்டையும் ஒரே ஆளாக ஒட்டிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ஒரு குடும்ப வரலாற்றுப் புத்தகமும் விண்ணப்பத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தது. 85 டாலர், புத்தகம் கனமாக இருக்கிறது, கதவு அடைக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

எப்படிப் பிரிப்பது? மிலிஷியா என்பது இட வாரியானது. 1777 மார்ச் 17ஆம் தேதிச் சட்டப்படி 18 முதல் 53 வயது வரையான வெள்ளை ஆண்கள் எல்லோரும் அவரவர் பகுதிக் கம்பெனியில் பெயர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியையும் சீட்டுப் போட்டு எட்டு வகுப்புகளாகப் பிரித்தார்கள், முறை வைத்து ஒவ்வொரு வகுப்பாக இரண்டு மாதத்துக்குக் கூப்பிடுவார்கள். போகாதவர் அபராதம் கட்டலாம், பதிலாளைக் கூலிக்கு அனுப்பலாம். ஆக நிலம் எங்கேயோ கம்பெனி அங்கே. நிலத்தைக் கண்டுபிடித்தால் ஆளைப் பிரித்துவிடலாம்.

ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக்காப்பகம் நில வாரண்ட், அளவைப் படம், பட்டா மூன்றையும் இணையத்தில் போட்டிருக்கிறது. அளவை விவரம் 'ஒரு வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கே இத்தனை பாகை கிழக்காக 86 பெர்ச், அங்கே ஒரு கல்' என்ற தினுசில் போகும். ஒரு பெர்ச் 16.5 அடி. நாலு பெர்ச் ஒரு சங்கிலி, 66 அடி, நம்மூர் சர்வேயர் இழுத்த சங்கிலியும் அதே நீளம்தான். 160 சதுரப் பெர்ச் ஒரு ஏக்கர். மில்லிமீட்டர் கிராஃப் தாளில் ஒரு பெர்ச்சுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பாகைமானியும் அடிக்கோலும் வைத்து வரைந்தேன். ஏழாவது கோடு முதல் புள்ளியில் வந்து சேர வேண்டும், 6 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. 99 அடி இடைவெளி. பழைய காந்த ஊசியின் குறை என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது அபத்தம், ஊசி விலகினால் எல்லாக் கோடும் சேர்ந்து சுழலுமே தவிர வாய் பிளக்காது. லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தபோது நான் 40 என்று படித்த நீளம் 46. திருத்தியதும் மூடிக்கொண்டது. அன்றைய மகிழ்ச்சி, கொத்தனார் வைத்த கதவு நிலையில் கதவு உரசாமல் சாத்திக்கொண்டால் வருமே, அந்த மாதிரி.

அந்தப் படத்தின் நாலு பக்கமும் அண்டை நிலத்தாரின் பெயர்கள் எழுதியிருந்தன. அதில் மூன்று பெயர்கள், ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்ற அதே ஆட்கள். அது போதுமானதாக இருந்தது. ட்ரேசிங் தாளில் வடிவத்தைப் படியெடுத்து, இன்றைய வரைபடத்தின் மேல் ஓடைக்கு ஓடை பொருத்தி வைத்தேன். எங்கள் மில்லர் அன்றைய லான்காஸ்டர் பக்கம். ஜெர்மன் பட்டாலியன் மில்லரின் ஓய்வூதியக் கோப்பைத் தேசிய ஆவணக்காப்பகத்தின் படச்சுருளில் கண்டுபிடித்தேன், அவர் பெர்க்ஸ் கவுண்டிக்காரர், 11 மைல் கிழக்கே. அந்தக் கோப்பு படிக்கப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. 1818 சட்டப்படி ஏழை வீரர்களுக்கு மாதம் 8 டாலர். 1820ல் கொடுத்ததைச் சரிபார்க்கிறோம் என்று சொத்துப் பட்டியல் கேட்டார்கள், கிழவர் ஒரு பசு, ஒரு இரும்புச் சட்டி, ஓட்டைக் கணப்படுப்பு என்று நீதிமன்றத்தில் எண்ணிச் சொல்லியிருக்கிறார். எங்கள் மில்லரோ 1802லேயே மண்ணுக்குள் போயாகிவிட்டது. 1820ல் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட மனிதர் அவராக இருக்கவே முடியாது. அத்தை கல்லறைத் தேதியையும் கோப்பின் தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தாலே போதும். நானும்தான் ஒன்பது மாதம் பார்க்கவில்லை.

அப்படியென்றால் எங்கள் மில்லர் போருக்கே போகவில்லையா? ஆவணக்காப்பகத்தின் சுதந்திரப் போர் அட்டைகளில் அவர் பெயர் இருந்தது, லான்காஸ்டர் மிலிஷியா, நாலாம் வகுப்பு. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கேக் வெட்டாத குறை. மறுபடியும் அவசரம். வகுப்புப் பட்டியலில் பெயர் இருப்பதற்கு 18 முதல் 53 வயதுக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் போதும், துப்பாக்கியைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. போனாரா என்பதற்குச் சம்பளப் பட்டியல் வேண்டும். இங்கே ஒரு விஷயம், கூட்டாட்சிப் போர்த்துறை அலுவலகம் 1800 நவம்பரில் எரிந்து பழைய ஆவணங்கள் நிறைய போய்விட்டன, மாகாணத்தின் கையில் தங்கியவைதான் நமக்கு. கடைசியில் அச்சாகியிருந்த ஒரு சம்பளப் பட்டியலில் அவர் கம்பெனித் தலைவரின் பெயரின் கீழ், அண்டை நிலத்து ஆட்கள் இரண்டு பேரோடு சேர்த்து, எங்கள் மில்லர். 1777 கோடை, 60 நாள். பதிலாள் என்ற குறிப்பு இல்லை, அவரேதான் போயிருக்கிறார், 46 வயதில். பணி: லான்காஸ்டரில் போர்க்கைதிகளுக்குக் காவல்.

அந்தக் கைதிகள் யார் தெரியுமா? டிரென்டனில் பிடிபட்ட ஏறக்குறைய 900 ஹெஸ்ஸியர்களை லான்காஸ்டருக்குத்தான் நடத்திக் கூட்டி வந்தார்கள். பலரைச் சுற்றுவட்டார ஜெர்மன் விவசாயிகளிடம் கூலி வேலைக்கும் விட்டார்கள். ஒரே மொழி, ஒரே பாட்டு, ஒரே முட்டைக்கோஸ் ஊறுகாய். ஹெஸ்ஸியன், டிரென்டன், மில்லர் என்ற மூன்று சொற்களும் ஒரே வீட்டில் புழங்கியதற்கு இது காரணமாக இருக்கலாம், கைதியைக் காவல் காத்தவர் நாலைந்து தலைமுறை கைமாறியதில் கைதியாகவே மாறியிருக்கலாம். இது என் ஊகம்தான், எந்தத் தாளிலும் இல்லை.

மிச்சம் கப்பல். ஆறு கையெழுத்தில் எது? டாஃபின் கவுண்டி உயில் புத்தகத்தில் அவர் கையெழுத்தை எடுத்து, லூப்பும் ட்ரேசிங் தாளுமாக ஆறோடும் ஒப்பிட்டு, எதுவும் ஒத்துவராமல் ஒரு வாரம் நொந்துபோனேன். உயில் புத்தகம் என்பது எழுத்தர் படியெடுத்தது, போதாததற்கு ஜெர்மனில் எழுதிய உயிலை ஆங்கிலத்தில் மாற்றிப் படியெடுத்தது. நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது அரசாங்க குமாஸ்தாவின் கையெழுத்தை! அசல் உயில் தனி உறையில் இருந்தது, நகலுக்கு 10 டாலர். ஆறு பேரில் இரண்டு பேர் குறி போட்டவர்கள், அவர்களை விட்டுவிடலாம். மீதி நாலில், 1751 செப்டம்பரில் வந்த ஒருவர் மட்டும் முதல் எழுத்தின் வாலை இடப்பக்கம் சுழித்து அடுத்த சொல்லின் கீழே இழுத்திருந்தார். 1802 உயிலில் கை நடுங்கியிருக்கிறது, கோடு உடைந்திருக்கிறது, ஆனால் வால் அதே பக்கம் சுழிந்து அதே இடத்தில் முடிகிறது. இடையில் 50 வருடம். ட்ரேசிங் தாளை மேலே வைத்து நகர்த்திக் காட்டியபோது மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

செலவு: லூப் 14, கிராஃப் மற்றும் ட்ரேசிங் தாள் 11, ஆர்கியோன் இரண்டு தடவை சேர்த்து 44 சொச்சம், ராணுவ ஆவணத் தளத்துக்குச் சந்தா 16, உயில் நகல் 10, கதவுக்கு முட்டுக் கொடுக்கும் புத்தகம் 85, பெட்ரோல் 70. எல்லாம் டாலரில், 250 வந்தது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் இலவசம், பாதி வேலை அதில்தான் நடந்தது.

அடுத்த தடவை செய்தால் முதல் நாளே வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு எந்த வருடம் எந்தக் கவுண்டி என்று ஓரத்தில் எழுதிவிடுவேன். நிலத்தைக் கடைசியில் இல்லாமல் முதலில் வரைவேன். தள்ளிவிட்ட ஆவணங்களுக்கு, ஏன் தள்ளினேன் என்று ஒரு பத்தி எக்ஸெல்லில் வைப்பேன், அந்த 8பெர் என்னை இன்னும் உறுத்துகிறது. பெயரைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு அண்டை வீட்டாரையும் சாட்சிகளையும் தேடுவேன்.

போன சனிக்கிழமை மாமனாரைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மில்லர் கல்லுக்குப் பக்கத்தில், சுதந்திரப் போர் வீரர்களுக்குக் குத்தி வைக்கும் வெண்கல நட்சத்திரம் ஒன்று, கொடி சொருகும் குழாயோடு, அத்தை காலத்திலிருந்து சாய்ந்து நிற்கிறது. ஜெர்மன் பட்டாலியன் கணக்கில் வந்த நட்சத்திரம்.

"60 நாள் கைதிக்குக் காவல் இருந்ததுக்கு இது உண்டா?" என்று கேட்டார்.

மிலிஷியா என்றாலும் உண்டு என்றேன்.

குனிந்து, காலால் மண்ணை அழுத்தி அதை நேராக நிறுத்தினார். அப்புறம் கேட்டார், "அந்த இன்னொருத்தர், பசு மாட்டுக்காரர், அவருக்கு இருக்கா?"

தெரியவில்லை. பெர்க்ஸ் பக்கம் அவர் ஊரில் மூன்று பழைய கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் வருகிற சனிக்கிழமை போகிறோம், கண்ணாடி இன்னும் வேனிலேயே இருக்கிறது.